தேதியா, அம்சமா: திறமூலத் திட்டத்தில் அடுத்த பதிப்பை எதை வைத்துக் குறிப்பது?

பலர் சேர்ந்து எழுதும் திறமூல மென்பொருளில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: அடுத்த பதிப்பு எப்போது? நினைத்த வசதிகள் எல்லாம் முடிந்த பிறகு என்பார்கள் சிலர். குறித்த நாளில், முடிந்தது மட்டும் என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதற்கும் செலவு உண்டு, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அம்சத்தை, அதாவது வசதிகளை வைத்துத் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் நல்ல சாட்சி. 2002 ஜூலையில் 'வுடி' என்ற பெயரில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்த பதிப்பான 'சார்ஜ்' வர 2005 ஜூன் ஆகிவிட்டது. லினக்ஸின் மையக்கருவான கெர்னலும் அப்போது அப்படித்தான் இருந்தது. அதன் 2.4 பதிப்பு வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். இதற்குச் சோம்பல் காரணமில்லை. இந்தப் பதிப்பைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் தன் அரைகுறை நிரலையும் எப்படியாவது உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். அது தாமதத்தை இன்னும் கூட்டும், தாமதம் நெரிசலைக் கூட்டும். சம்பளம் கொடுக்கும் நிறுவனம் என்றால் பின்தங்கிய வேலைக்கு நான்கு பேரை மாற்றிப் போடலாம். தன்னார்வலரிடம் "இதை விட்டுவிட்டு அதை முடி" என்று யார் சொல்வது?

இன்றைய கெர்னலைப் பாருங்கள். மெர்ஜ் விண்டோ என்ற சேர்க்கைக் காலம் இரண்டு வாரம் திறந்திருக்கும். புது வசதிகள் அப்போதுதான் உள்ளே வரும். பிறகு பிழைதிருத்தம் மட்டும், வாரம் ஒரு சோதனைப் பதிப்பு. ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு. விட்டுப்போனால் அடுத்த ரயில் இரண்டு மாதத்தில் வருகிறது, எனவே யாரும் முட்டி மோதுவதில்லை. பராமரிப்பாளர் "இன்னும் பழுக்கவில்லை" என்று ஒரு பேட்சை, அதாவது ஒருவர் அனுப்பிய நிரல் மாற்றத்தை, திருப்பி அனுப்பினாலும் அது சண்டையாக முற்றுவது குறைவு.

இந்த முறையின் விலை, சேர்த்ததை வெளியே எடுக்கும் துணிச்சல். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு விடும் திட்டம். அதன் 11-ஆம் பதிப்புக்காக 2018-இல் மெர்ஜ் என்ற கட்டளையை (தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் மொழிக் கட்டளை, மேலே சொன்ன மெர்ஜ் விண்டோ அல்ல) சேர்த்தார்கள். பலர் வெகுநாள் எதிர்பார்த்த வசதி. வடிவமைப்பில் கேள்விகள் எழுந்ததும், சேர்த்த சில நாளிலேயே உருவிவிட்டார்கள். கடைசியில் அது பயனருக்குக் கிடைத்தது 2022-இல், 15-ஆம் பதிப்பில். எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அந்த ஒன்றுக்காக 11 காத்துக் கிடக்கவில்லை.

அப்புறம், முதன்மைக் கிளை, அதாவது எல்லோருடைய வேலையும் வந்து சேரும் நிரல், எந்த நேரமும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். தானியங்கிச் சோதனை இல்லாத திட்டம் தேதி குறிப்பது வெறும் ஆசை. ரஸ்ட் என்ற நிரல்மொழி ஆறு வாரத்துக்கு ஒன்று விடுகிறது என்றால், முடியாத வசதிகளைத் தினசரிப் பதிப்பில் மட்டும் திறந்து, நிலையான பதிப்பில் பூட்டி வைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அடிக்கடி விட்டால் பழையவற்றைச் சுமக்கும் பாரமும் ஏறும்: பைதான் நிரல்மொழி ஆண்டுக்கொன்று விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு. எந்த நேரத்திலும் ஐந்து பதிப்புகளையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதியை வேதவாக்காக எடுக்கவும் தேவையில்லை. இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஏப்ரல், அக்டோபர் என்று பிடிவாதமாக வரும். ஆனால் முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பை மெருகேற்றுவதற்காக 2006-இல் சில வாரம் தள்ளினார்கள். எண்ணில் ஆண்டும் மாதமும் இருக்கும், அதனால்தான் அது 6.04 ஆகாமல் 6.06 ஆனது.

எனக்கு மிகவும் பிடித்தது டெபியன் பிறகு வந்து சேர்ந்த நடுவழி. புதியவற்றுக்குக் கதவடைக்கும் நாளை முன்பே அறிவித்துவிடுவார்கள். வெளியிடும் நாள், பெரிய பிழைகள் தீர்ந்த பிறகுதான் முடிவாகும். இப்போது சுமார் இரண்டாண்டுக்கு ஒரு பதிப்பு வந்துவிடுகிறது.

இரண்டு மூன்று பேர் நடத்தும் சின்னத் திட்டமா? சரி, வெளியீட்டு நாளை விடுங்கள், கதவடைக்கும் நாளை மட்டும் குறித்து வையுங்கள். அதற்குள் உருப்படியாக எதுவும் சேரவில்லை என்றால் அந்த முறை பதிப்பே விட வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் எந்த நாளுக்கும் காத்திருக்கக் கூடாது. தயாரான அன்றே விட்டுவிடுங்கள்.