டிராவலர் ஆடுறவங்க அடுத்து எந்த புக் வாங்கலாம்? ஹை கார்ட்ல இருந்து ஆரம்பிங்க

டிராவலர்ங்கற விண்வெளி ரோல்பிளேயிங் கேமோட (டேபிள்ல உக்காந்து டைஸ் உருட்டி கதையா ஆடறது) கோர் ரூல்புக் கைக்கு வந்து ஒரு கேங் செட் ஆனதும் அடுத்து வர்ற கேள்வி, மாங்கூஸ் பப்ளிஷிங் வரிசையா போட்டு வச்சிருக்கற அந்த சப்ளிமெண்ட் புக்ஸ்ல எதை வாங்கறதுங்கறதுதான். எங்க கேங்ல ரெஃப்ரி, அதாவது கதையை நடத்தறவர், நான்தான், அதனால செலவும் பெரும்பாலும் என் தலையிலதான், அந்த கடுப்புலயே இதை எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கோர் புக் மட்டும் வச்சே பல மாசம் ஓட்டலாம். கேரக்டர் உருவாக்கறது, சண்டை, சரக்கு வாங்கி விக்கறது, புது உலகம் உருவாக்கறது, ரெடிமேட் விண்கப்பல்கள், சையானிக்ஸ் (மன சக்திகள்) எல்லாமே அதுக்குள்ள இருக்கு, ரெண்டு டைஸ் உருட்டி ஸ்கில் சேத்து 8 வந்தா பாஸ், அவ்ளோதான் ரூல். 1977ல மார்க் மில்லர் இதை முதல்ல கொண்டு வந்தப்போ ஒரு பெட்டிக்குள்ள மூணு சின்ன கறுப்பு புக்தான், அதை வச்சே ஜனங்க வருஷக்கணக்கா ஆடிட்டு இருந்தாங்க. அதனால "எல்லாத்தையும் வாங்கினாதான் முழுசா ஆட முடியும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இந்த புக்கை செஷன் நடக்கும்போது திறப்போமா, இல்ல வீட்ல படுத்துக்கிட்டு படிக்கவா?

அந்த கணக்குல முதல் இடம் ஹை கார்டுக்குத்தான், சந்தேகமே இல்ல. கோர் புக்ல 100 டன் ஸ்கவுட், 200 டன் ஃப்ரீ டிரேடர்னு ரெடியா கப்பல் குடுத்திருப்பான், ஆனா நீங்களா ஒரு கப்பலை கட்டணும், இருக்கறதை மாத்தணும்னா ரூல் இதுலதான் இருக்கு. எல்லாம் பர்சன்டேஜ் கணக்கு, பள்ளிக்கூட கணக்கு தெரிஞ்சா போதும். ஜம்ப்-1, அதாவது ஒரே தாவுல ஒரு பார்செக் (நட்சத்திர தூரத்தோட அளவு) போகணும்னா கப்பல் சைஸ்ல 10 சதவீதம் எரிபொருளுக்கே போயிடும், ஜம்ப்-2ன்னா 20 சதவீதம். 200 டன் கப்பல்ல ஜம்ப்-1க்கு டேங்க் 20 டன், ஜம்ப் டிரைவ் (தாவற இன்ஜின்) 10 டன். அதையே ஜம்ப்-2 ஆக்கினா டேங்க் 40, டிரைவ் 15. ஆக 25 டன் சரக்கு இடம் பறிபோயிடும். ஒரு பார்செக் தூரத்துக்கு டன்னுக்கு 1,000 கிரெடிட் வாடகைன்னு வச்சா ஒவ்வொரு டிரிப்புலயும் 25,000 போச்சு. இது பத்தாதுன்னு ஜம்ப் டிரைவ் டன்னுக்கு 15 லட்சம் கிரெடிட், கூடுதல் 5 டன்னுக்கு 75 லட்சம், கப்பல் லோன்ல மாசத் தவணை விலையில 240ல ஒரு பங்கு, அப்படின்னா மாசம் 31,250 எக்ஸ்ட்ரா, அதுவும் 480 மாசத்துக்கு! ரெண்டு பார்செக் தள்ளி இருக்கற ஊருக்கு ஒரே தாவுல போகலாம்ங்கற வசதிக்கு இவ்ளோ விலை. இதை டேபிள்ல போட்டு பிளேயர்ஸ் அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கறதை பாக்கணும், ஒரு செஷன் அப்படியே ஓடிடும், ரெஃப்ரி டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கலாம். இந்த கேமே கடன் கட்டறதுக்காக ஊர் ஊரா சுத்தற கேம்தானே, அந்த நரம்பை சரியா பிடிச்ச புக் இது. ஒரே குறை, பெரிய போர்க்கப்பல் சமாச்சாரத்துக்கு பக்கம் பக்கமா ஒதுக்கியிருக்கான், சாதாரண வியாபாரி கேங்குக்கு அது தேவையே படாது.

சென்ட்ரல் சப்ளை கேட்டலாக் பத்தி எனக்கு ரெண்டு மனசு. ஆயுதம், கவசம், மருத்துவ சாமான், கம்ப்யூட்டர்னு குவிச்சு வச்சிருக்கு, படம் எல்லாம் சூப்பர். பிளேயர்ஸுக்கு ரொம்ப பிடிக்கும், பிரச்சனையே அதுதான். புக்கை கையில குடுத்தீங்கன்னா தீபாவளிக்கு முந்தின நாள் டி.நகர் மாதிரி ஆயிடும், கதை நகராது. பேட்டில் டிரெஸ்ங்கற இயந்திரக் கவசம் வரைக்கும் கோர் புக்லயே இருக்கே, அதுக்கு மேல என்ன வேணும்? வாங்கினாலும் ரெஃப்ரி கையிலயே இருக்கட்டும், அந்த உலகத்தோட டெக் லெவல் (தொழில்நுட்பம்), லா லெவல் (சட்டக் கெடுபிடி) பாத்து எது கிடைக்கும் எது போலீஸ் பிடிச்சிட்டு போற அயிட்டம்னு நீங்களே வடிகட்டி சொல்லுங்க.

2023ல வந்த வேர்ல்டு பில்டர்ஸ் ஹேண்ட்புக் வேற ரகம். கோர் புக்ல ஒரு உலகம்ங்கறது ஒரு சின்ன கோடு, ஸ்டார்போர்ட்டுக்கு (விண்கப்பல் துறைமுகம்) ஒரு எழுத்து, அப்புறம் சைஸ், காத்து, தண்ணி, ஜனத்தொகை, அரசாங்கம், சட்டம், டெக் லெவல். இந்த புக் அந்த ஒவ்வொண்ணையும் பிரிச்சு நட்சத்திரம், சுத்துப்பாதை, நிலா, வெயில் எவ்ளோன்னு போய்க்கிட்டே இருக்கும். வானியல் பிடிச்சவங்களுக்கு விருந்து, நானே நைட்டு ரெண்டு மணி வரைக்கும் ஒரு சூரியக் குடும்பத்தை உருட்டிட்டு இருந்திருக்கேன். ஆனா உண்மைய சொல்லணும்னா அதுல பத்துல ஒரு பங்கு கூட பிளேயர்ஸ் காதுக்கு போகாது, அவங்க கேக்கறது ஸ்டார்போர்ட்ல எரிபொருள் கிடைக்குமா, யாராவது சுடுவாங்களாங்கறது ரெண்டுதான். இதை பொழுதுபோக்கா வாங்குங்க, ஆட்டத்துக்குன்னு வாங்காதீங்க.

மேப்புக்கு காசே குடுக்க வேணாம், டிராவலர் மேப்னு ஒரு வெப்சைட் இருக்கு, சார்ட்டட் ஸ்பேஸ்ங்கற டிராவலரோட விண்வெளி முழுக்க ஜூம் பண்ணி பாக்கலாம், எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு ஜம்ப்-2ல போகலாம்னு ரூட்டே போட்டு குடுக்கும், அத்தனையும் ஃப்ரீ. கதைக்கு ஐடியா பத்தலைன்னா கெவின் கிராஃபோர்டோட ஸ்டார்ஸ் விதவுட் நம்பர் ஃப்ரீ பிடிஎஃப் இறக்கிக்கோங்க. அது வேற கேம்தான், ஆனா உலகத்துக்கு ரெண்டு டேக் (சின்ன கதைக்குறிப்பு) உருட்டினா அந்த ஊர்ல யாருக்கு யாரோட பகை, எதை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு கையில வந்துடும். அதை அப்படியே டிராவலருக்கு தூக்கிட்டு வரலாம், எந்த ரூலும் இடிக்காது. காசு போட்டு வாங்கற சில செட்டிங் புக்கை விட எனக்கு இது அதிகமா உதவுது.

ரோபோ ஹேண்ட்புக், உங்க கேங்ல ஒருத்தர் ரோபோவாவே ஆடணும்னு ஒத்தக்கால்ல நின்னா மட்டும். வெகிக்கிள் ஹேண்ட்புக் இன்னும் வெயிட் பண்ணட்டும். கம்பானியன்ங்கற புக்ல ஆப்ஷனல் ரூல்ஸ்தான், டைஸ் உருட்டாம பாயிண்ட் குடுத்து கேரக்டர் பண்ற வழி எல்லாம் இருக்கு. ஆனா டைஸ் சொன்னபடி வேலை போய், கால் போய், எதிரி சேர்ந்து நாப்பது வயசுல கேம் ஆரம்பிக்கறதுலதான் டிராவலரோட ருசியே, அதை எடுத்துட்டா என்ன மிச்சம்?

கேங் நிலைச்சுடுச்சுன்னா ரூல் புக்குக்கு பதிலா பைரேட்ஸ் ஆஃப் டிரினாக்ஸ் கேம்பெய்னுக்கு (பல செஷன் ஓடற தொடர் கதை) காசு சேருங்க. ஒரு விண்வெளிக் கொள்ளைக் கப்பலை குடுத்துட்டு, நொடிச்சுப் போன ஒரு ராஜ்ஜியத்தை தூக்கி நிறுத்துன்னு விட்டுடுவான், வழி பிளேயர்ஸ் பாடு. நான் மேல சொன்ன ஹை கார்ட் கணக்கு எல்லாம் அங்கதான் நிஜமா வேலைக்கு வரும்.

வாங்கறதுக்கு முன்னாடி எடிஷன் பாத்துக்கோங்க. மாங்கூஸ் முதல் எடிஷன் 2008, ரெண்டாவது 2016, கோர் புக்கும் ஹை கார்டும் 2022ல அப்டேட் ஆச்சு. 2016 ஹை கார்டை 2022 கோர் புக்கோட வச்சு ஆடினா பெருசா இடிக்காது. செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைக்குதேன்னு 2008 வரிசைய எடுக்கறதா இருந்தா கப்பல் பக்கத்தை ஒரு தடவ புரட்டிப் பாருங்க, டிரைவுக்கு ஏ, பி, சின்னு எழுத்து போட்டிருந்தா அது பழைய கணக்கு, இப்ப இருக்கற கோர் புக்கோட ஒட்டாது.