தீவில் ஒரு இரவு என்று யாராவது விற்றால் பணம் அனுப்பாதீர்கள்

கோடை விடுமுறைக்கு மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் குடும்பத்தோடு வந்து கடலோரம் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று நினைப்பவர்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ‘தீவில் ஒரு இரவு’, ‘தனுஷ்கோடியில் நள்ளிரவு கேம்ப் ஃபயர்’ என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் பொதுமக்கள் இரவில் தங்கவே முடியாது. இல்லாத ஒன்றை விற்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியில்லாமல் பகலில்கூட அங்கே கால் வைக்கக் கூடாது. முயல் தீவு, மனோலித் தீவு, அப்பாத் தீவு, தலையாரித் தீவு என்று எந்தப் பெயரைச் சொல்லி உங்களிடம் விற்றாலும் இதே நிலைதான். குருசடைத் தீவுக்கு வனத்துறையே குந்துகாலில் இருந்து படகு விடுகிறது. அதுவும் பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு. தனுஷ்கோடியில் பொழுது சாயும்போதே அரிச்சல்முனையில் நிற்கும் எல்லோரையும் போலீஸார் கிளப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு சோதனைச் சாவடியைத் தாண்டி உள்ளே விட மாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே கடலுக்குள் போன இடம் அது. அங்கே விடிய விடிய தீ மூட்டி உட்காரலாம் என்று சொல்பவருக்கு இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எனக்கு ராமநாதபுரம். ஏமாற்றப்பட்டது ஈரோட்டில் இருக்கும் என் தங்கை குடும்பம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் மலையில் அருவி ஓரமாகக் கூடாரத்தில் தங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. ஒரு இணையப் பக்கத்தில் கொடைக்கானல் அருவி முகாம் என்று பார்த்துவிட்டு, அதை நடத்துபவரிடம் விசாரித்திருக்கிறார்கள். “மலைக்கு இ-பாஸ் எடுக்கணும் மேடம், தொல்லை. அதே ரேட்டுக்குத் தீவுல போட்டுத் தர்றோம்” என்று அந்த ஆள் பேச்சைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார். கொடைக்கானலுக்கு வண்டியில் போக முன்கூட்டியே பதிந்து எடுக்கும் இ-பாஸ் நடைமுறை 2024 மே மாதத்தில் இருந்து இருப்பது உண்மை. ஆனால் இணையத்தில் எளிதாக எடுக்கக்கூடியது. அதைப் பெரிய தடை போலச் சொன்னதே முதல் பொய்.

ஆளுக்கு 2,500 ரூபாய். பெரியவர், குழந்தை என்று வித்தியாசம் கிடையாது. எங்கள் வீட்டையும் சேர்த்து எட்டுப் பேருக்கு 20,000. அதில் 12,000 ஜிபேயில் முன்பணமாகப் போயிருந்தது. அண்ணன் வீட்டுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் எனக்குச் சொன்னாள். விளம்பரத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நீலக் கடல், வெள்ளை மணல், வரிசையாக ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், அதற்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மலை. எங்கள் கடற்கரையில் எந்த ஊரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை தெரியாது. தொண்டியில் இருந்து வாலிநோக்கம் வரை உள்ளங்கை போலத் தட்டையான பூமி. அந்தப் படம் எந்த நாட்டில் எடுத்ததோ!

இன்னொரு வரியும் இருந்தது: ‘விசைப்படகில் ஆழ்கடல் மீன்பிடிப்பு அனுபவம்’. அது மே மாதக் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வருடா வருடம் நடப்பது. கடலோரத்தில் தொழில் செய்கிற யாரும் இப்படி ஒரு வரியை மே மாதத்தில் எழுத மாட்டார்கள்.

தங்கையிடம் சொன்னேன். அவர்கள் ஏற்கெனவே மதுரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆளுக்கு போன் போட்டேன். “பர்மிஷன் எல்லாம் இருக்கு சார், மண்டபம் வந்து கூப்பிடுங்க, லொகேஷன் அனுப்புறோம்” என்றார். என்ன அனுமதி, யார் கொடுத்தது, காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். வைத்துவிட்டார். பிள்ளைகள் கேட்கிற நிலையில் இல்லை. சரி, போய்ப் பார்ப்போம், எப்படியும் நம் வீடு பக்கத்தில்தானே இருக்கிறது என்று நாங்களும் சேர்ந்து கிளம்பினோம்.

மண்டபத்தில் வெயிலில் காத்திருந்தது பெரிய கொடுமை. போன் எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், சர்க்கரை வேறு. சாயங்காலம் நெருங்கும்போது பைக்கில் ஒரு பையன் வந்தான். அவன் பின்னாலேயே போனால், வந்த வழியிலேயே திரும்பி, ஒரு இறால் பண்ணையைச் சுற்றிக்கொண்டு வடகடல் ஓரம் ஒரு தனியார் சவுக்குத் தோப்புக்குள் போய் நிறுத்தினான். தீவும் இல்லை, தேசியப் பூங்காவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு கூடாரம். பாதிக்கு ஜிப் வேலை செய்யவில்லை. கீழே விரிக்கப் பாய் கிடையாது. எல்லோருக்கும் சேர்த்துத் தகரம் அடித்த ஒரே ஒரு கழிப்பறை, குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, பக்கத்துக் கடையில் கேன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். கடை எங்கே இருக்கிறது? வந்த சாலையில் திரும்பவும் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மிச்சம் 8,000 கொடுத்தால்தான் கூடாரம் என்றான். மாப்பிள்ளை கொடுக்க மறுத்துவிட்டார். “தீவுக்குப் போனப்புறம் தர்றேனுங்க” என்று அவர் உறுதியாக நின்றது நல்லதாகப் போயிற்று.

அரை மணி நேரத்தில் ஒரு நாட்டுப்படகு கரைக்கு வந்தது. மீன்பிடிக்கிற படகு. வலை, ஐஸ் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தது. எட்டுப் பேருக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை. படகுக்காரர் வயதானவர். நான் தனியே போய், “அண்ணே, எந்தத் தீவுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி, நீங்க இந்தப் பக்கத்து ஆளா? தீவெல்லாம் தென்கடல்ல கிடக்கு. இது வடகடல். சும்மா ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து விடச் சொன்னான். தீவுல ராத்திரி ஆளை இறக்குனா ஃபாரஸ்ட்டுக்காரங்க என் படகைத்தான் புடிப்பாங்க. அவனுக்கு என்ன போச்சு?”

அவர் சொன்னதை இந்தப் பக்கம் தெரியாதவர்கள் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம் பகுதிக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். 21 தீவுகளும் தென்கடலில்தான். வடக்குக் கரையில் இருந்து படகில் ஏற்றி, ‘இதோ தீவு’ என்று தூரத்தில் தெரியும் ஏதாவது ஒரு கரையைக் காட்டிவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? மே மாதம் தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று எடுத்துவிடும், தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அதனால்தான் வடக்குக் கரையில் கடை விரித்திருக்கிறார்கள். அமைதியான தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

நாங்கள் படகில் ஏறவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தையோடு வந்திருந்த திருச்சிக் குடும்பத்தையும் ஏற வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். சுற்றுலாப் பயணிகளை ஏற்ற மீன்பிடிப் படகுக்கு உரிமம் கிடையாது. கவிழ்ந்தால் யார் பொறுப்பு? அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. நாலு காசு கிடைக்கட்டும் என்று வந்திருக்கிறார், கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். மாட்டினால் மாட்டுவது அவர்தான்.

சாப்பாடு சீலா மீன் பார்பிக்யூ என்று போட்டிருந்தார்கள். வந்தது ஆறிப்போன சிக்கன் பிரியாணிப் பொட்டலம், லேசாகப் புளித்த வாடை. தடைக்காலம் சார், மீன் கிடைக்கவில்லை என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகில் ஊளி, பாறை, சங்கரா, கணவாய், நண்டு எல்லாம் தினமும் கரைக்கு வருகிறது. பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. காரில் இருந்த பிஸ்கட்டும் முறுக்கும்தான் அவர்களுக்கு அன்றைய இரவுச் சாப்பாடு.

இதுவரை நடந்தது ஏமாற்று வேலை. அடுத்து நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. இருட்டியதும் கேம்ப் ஃபயர் என்று சவுக்கு மரங்களுக்கு நடுவிலேயே விறகை அடுக்கி டீசலை ஊற்றிப் பற்ற வைத்தார்கள். தரை முழுக்கக் காய்ந்த சவுக்குச் சருகு. கச்சான் தரையில் இருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. பொறி பறந்து, காலியாக இருந்த ஒரு கூடாரத்தின் மேல் விழுந்து துணி உருகிப் பொத்தலானது. சருகில் அங்கங்கே பற்றிக்கொண்டது. நானும் மாப்பிள்ளையும் திருச்சிக்காரரும் மணலை அள்ளிப் போட்டும் மிதித்தும் அணைத்தோம். ஒரு வாளித் தண்ணீர்கூடப் பக்கத்தில் வைத்திருக்கவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் உயிரிழந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடற்கரைதானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் கூடாரத்துக்குள் தூங்கிய பிறகு அந்தப் பொறி விழுந்திருந்தால்?

அன்று ராத்திரியே எல்லோரையும் காரில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். திருச்சிக் குடும்பத்தையும் கூப்பிட்டேன். அவர்கள் ராமேஸ்வரத்தில் அறை பிடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அவர்கள் முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியிருந்தார்கள்.

மறுநாள் பணத்தைக் கேட்டபோது, “நீங்களாகத்தானே கிளம்பிப் போனீங்க, ரீஃபண்ட் கிடையாது” என்று ஒரு குரல் பதிவு வந்தது. அப்புறம் தங்கையின் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்தின் பெயரும் மாறிவிட்டது. படங்கள் அதேதான், மலையோடு.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். முதலில் விளம்பரம், பேசிய சாட், ஜிபே ரசீது, குரல் பதிவு எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்தினோம். பெயர் மாறுவதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது பெரிய ஆதாரம். 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் பதிந்தோம். இந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொன்னோம். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டோம். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நடந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பணம் இன்னும் வரவில்லை.

இனி வருபவர்களுக்கு. முகாம் நடத்துபவர்கள் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கரை, யார் நிலம் என்று முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள். ‘வந்து கூப்பிடுங்க, லொகேஷன் அனுப்புறோம்’ என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். படகு என்றால் லைஃப் ஜாக்கெட் போட்ட படத்தை அனுப்பச் சொல்லுங்கள், குழந்தைகள் அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடலில் ஏதாவது ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

இந்தக் கடற்கரைக்கே வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள். பிள்ளைகளுக்கு அலையில்லாத தண்ணீர் வேண்டுமென்றால் அரியமான் கடற்கரை இருக்கிறது, சவுக்கு நிழலில் பகல் முழுக்க உட்காரலாம். காரங்காட்டில் வனத்துறை மேற்பார்வையில் அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களே படகில் கூட்டிப்போகிறார்கள், ஜாக்கெட் மாட்டித்தான் ஏற்றுவார்கள். குருசடைக்குப் போனால், படகு ஏறும் குந்துகாலிலேயே, 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம். தங்கை பிள்ளைகளை மறுநாள் காரங்காட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். தீவு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த சின்னவன், மரத்தின் வேர் தண்ணீருக்கு மேலே மூச்சு விடுகிறது என்று தெரிந்ததும் அதை மறந்துவிட்டான்.

கைக்குழந்தையோடு வந்த அந்தத் திருச்சிக் குடும்பம் இதைப் பார்த்தால், தயவுசெய்து நீங்களும் ஒரு மனு கொடுங்கள். அவசரத்தில் உங்கள் எண்ணை வாங்காமல் விட்டுவிட்டேன். ஒரே கணக்குக்குப் பணம் அனுப்பிய இரண்டு குடும்பம் தனித்தனியாகப் புகார் கொடுத்தால், ‘அவர்களாகக் கிளம்பிப் போனார்கள்’ என்று அந்த ஆள் சொல்ல முடியாது. அன்று அந்தத் தோப்பில் இருந்த மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ரசீதை அழித்துவிடாதீர்கள்.