சித்தாபுரா நர்சரி: கல் பாத்திக்குப் படரும் செடி வாங்க நல்ல இடம்

பெங்களூர் லால்பாக்கை ஒட்டிய சித்தாபுராவில் நர்சரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்றுதான் எல்லாரும் முன்னால் அடுக்கியிருப்பார்கள். கல் இடுக்கில் பாய் விரித்த மாதிரி படரும் குட்டைச் செடிகளை அக்கறையாக வளர்த்து விற்பது, நான் பார்த்தவரை, தெருக்கோடியில் போர்டுகூட இல்லாத ஒரு சின்னக் கடைதான்.

வீடு கட்டி மிஞ்சிய சைஸ் கல்லை வாசலில் சரிவாக அடுக்கி ஒரு பாத்தி போட்டிருக்கிறோம். அதற்குச் செடி கேட்டுப் போனது புரட்டாசியில். கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். நான் காட்டிய ஐஸ் பிளான்ட் (தடித்த இலையோடு தரையில் படரும் பூச்செடி) தொட்டியை எடுத்துத் தரவே இல்லை. "இப்ப வேணாங்க்கா, மழை விடட்டும். இப்ப வச்சீங்கன்னா கழுத்து அழுகிடும்" என்றார். தண்டு மண்ணிலிருந்து வெளியே வரும் இடத்தைத்தான் கழுத்து என்கிறார். பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை கொட்டித் தீர்க்கிற மாதங்கள். வந்த வியாபாரத்தைத் தள்ளிப்போடச் சொன்னாரே, அதற்காகவே மறுபடி போனேன்.

அடுத்த முறை ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி வேரைக் காட்டினார். பாதிக்குமேல் பெருமணலும் பொடிக்கல்லும், மீதி செம்மண். மேலே ஒரு விரல்கடை உயரத்துக்குச் சின்ன ஜல்லி. செடியின் கழுத்து அந்த ஜல்லியில்தான் உட்கார்ந்திருந்தது, மண்ணைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றியதும் அடியில் ஓடிவிட்டது. பல நர்சரிகளில் முழுக்க கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) வைத்துத் தருகிறார்கள். கடையில் பளபளவென்று இருக்கும், வீட்டுக்கு வந்து நாலு மழை பெய்தால் ஊறிப்போய் வேர் கறுத்துவிடும். அப்படி வாங்கிய செடியாக இருந்தால் வேரிலுள்ள கோகோபீட்டை உதிர்த்துவிட்டு நடுங்கள்.

எங்கள் பாத்தியில் நன்றாகப் பிடித்தது சீடம் என்ற, சதைப்பற்றான குட்டி இலைகள் உள்ள செடி. ஒரு கொத்தைக் கிள்ளி மணலில் அழுத்தினால் போதும், கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஐஸ் பிளான்ட் கொஞ்சம் மெதுவாகத்தான் படரும், ஆனால் வெயிலில் அதன் பூ விரிவதைப் பார்க்க நின்றுகொண்டே இருக்கலாம். டேபிள் ரோஸ் சொல்லவே வேண்டாம். மூன்றுக்கும் முழு வெயில் வேண்டும், உரம் அதிகம் வேண்டாம். இலை லேசாகச் சுருங்கிய பிறகு தண்ணீர் விட்டால் போதும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளிக்கச் சொன்னார். கேட்கிறது.

படரும் ஃப்ளாக்ஸ் கிடைக்குமா என்றும் கேட்டேன். "அது இங்க வராதுக்கா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சரிதான். ஜப்பானில் ஷிபாஸகுரா என்று சரிவு முழுக்கப் பூத்துக் கிடக்கும் செடி அது. பூக்க நல்ல குளிர்காலம் வேண்டும். நம் ஊரில் ஜனவரி ராத்திரியே பொதுவாக 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இது தெரிந்தும் அந்தப் படத்தைப் போட்டு ஆன்லைனில் பெங்களூருக்கு விதை விற்பது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

குறை என்றால், எந்தத் தொட்டியிலும் பெயர்ச் சீட்டு கிடையாது. நாலைந்து வகை இருந்தும் எல்லாமே 'சீடம்'தான். எது நிழல் தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் இல்லாத நேரத்தில் கடையிலிருக்கும் பையனுக்கு அவ்வளவு விவரம் போதாது. சின்னத் தொட்டி 40 ரூபாய். கொஞ்சம் கூடத்தான், ஆனால் அந்த மண் கலவைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

டேபிள் ரோஸைப் பூவின் நிறம் பார்த்து வாங்குவதாக இருந்தால் வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல் போங்கள். சாயங்காலம் போனால் எல்லாம் மூடிக்கொண்டிருக்கும்.