கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு எத்தனை ஜிபி கார்டு? 4 முதல் 64 வரை ஓர் ஒப்பீடு

செல்பேசிக்கு மெமரி கார்டு வாங்கும்போது பெரியதாகப் பார்த்து வாங்கிவிடலாம். கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே கொள்ளளவை முடிவு செய்பவை இரண்டு: கருவி எவ்வளவு பெரிய கார்டை ஏற்கும், கார்டில் ஏறப்போவது எந்த வகை வரைபடம். இவை தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு விடை 16 ஜிபியிலோ 32 ஜிபியிலோ வந்து நிற்கும்.

நடந்த தடங்களைச் சேமிக்கத்தான் பெரிய கார்டு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தடங்களைப் பதியும் ஜிபிஎக்ஸ் கோப்பில் ஒரு புள்ளி, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் எல்லாம் சேர்த்து, சுமார் 120 பைட். நொடிக்கு ஒரு புள்ளி வீதம் நாளுக்கு 10 மணி நேரம் பதிந்தாலும் 4.3 எம்பிதான். ஆண்டு முழுக்க ஒரு நாள் விடாமல் பதிந்தால் 1.6 ஜிபி அளவில் நிற்கும். தடங்களும் இடக்குறிகளும் மட்டும்தான் தேவை என்றால் தனிக் கார்டே வேண்டாம். கருவியின் உள்நினைவகம் போதும். கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 20 மாடலில் அது 1.7 ஜிபி, இட்ரெக்ஸ் 22எக்ஸில் 8 ஜிபி, ஜிபிஎஸ்மேப் 66இல் 16 ஜிபி. ஆக, கார்டு வாங்குவதே வரைபடத்துக்காகத்தான்.

வரைபடத்தில் இரண்டு வகை. சாலை, ஓடை, சம உயரக் கோடு எல்லாவற்றையும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வைத்திருப்பது வெக்டர். இடம் குறைவாகவே பிடிக்கும்: ஒரு பெரிய நாட்டின் முழு வரைபடமும் சில நூறு எம்பியிலிருந்து ஓரிரு ஜிபிக்குள் அடங்கும். சம உயரக் கோடுகளைத் தனி அடுக்காகச் சேர்த்தால் அது இரட்டிப்பாகலாம். ராஸ்டர் என்பது படம். செயற்கைக்கோள் படமும் வருடி எடுத்த காகித வரைபடமும் இதில் சேரும். ஒரு பிக்சலுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் பிக்சல். ஓரளவு அழுத்திய ஜேபெக் கோப்பாக அது 250 முதல் 300 கேபி. 100 சதுர கிலோமீட்டர் மலைப்பகுதி 30 எம்பிக்குள் முடியும். 10,000 சதுர கிலோமீட்டர் வேண்டுமென்றால் 3 ஜிபி. பிக்சலுக்கு அரை மீட்டர் என்று துல்லியத்தைக் கூட்டினால் அது நான்கு மடங்காகி 12 ஜிபியைத் தொடும். பெரிய கார்டுக்கு உண்மையான வேலை இருப்பது இங்கே மட்டும்தான்.

2 ஜிபி, 4 ஜிபி

இன்று இவற்றைத் தேடிப் போக ஒரே காரணம் பழைய கருவி. 2 ஜிபி வரையிலான சாதாரண எஸ்டி கார்டு ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி வைத்து இயங்குவது; அதற்கு மேற்பட்ட எஸ்டிஹெச்சி கார்டு 512 பைட் தொகுதிகளாக முகவரி கொடுப்பது. அந்த இரண்டாவது முறை தெரியாத கருவியில் 4 ஜிபி கார்டைப் போட்டால் கார்டு இருப்பதே அதற்குத் தெரியாது. கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பழுது கார்டில் இல்லை.

பழைய கருவிகளில் இன்னொரு சுவரும் உண்டு. கார்மின் வரைபடம் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் போன்றவை 2025 துண்டுகள் வரைதான் ஏற்கும். கார்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. போதாக்குறைக்கு, ‘ஜிமேப்சப்’ என்ற ஒரே பெயரில் ஒரே வரைபடக் கோப்பைத்தான் அவை தேடும். அப்படிப்பட்ட கருவிக்கு 2 அல்லது 4 ஜிபியே தாராளம்.

8 ஜிபியும் 16 ஜிபியும்

வெக்டர் வரைபடம் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு 8 ஜிபி போதும். சாலை வரைபடம் ஒன்று, மலையேற்ற வரைபடம் ஒன்று, சம உயரக் கோடுகள் என்று மூன்றையும் ஏற்றிய பிறகும் இடம் மிஞ்சும். ஆனாலும் 16 ஜிபியே நல்ல தேர்வு என்பது என் கருத்து. புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்து, புதியது ஒழுங்காகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு பழையதை நீக்கலாம். புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு வரைபடம் மாற்றுகிறவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

கேஎம்இசட் என்ற, படத்துண்டுகளைப் பொதிந்த கோப்பு வடிவத்தில் சொந்த வரைபடம் ஏற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கார்மின் மாடல்கள் மொத்தம் 100 படத்துண்டுகளைத்தான் ஏற்கும்; மான்டானா போன்றவை 500 வரை போகும். ஒரு துண்டு 1024க்கு 1024 பிக்சல். 500 துண்டும் நிரம்பினால்கூட சாதாரண அழுத்தத்தில் 150 எம்பிதான். கேஎம்இசட்டுக்காக 32 ஜிபி வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை. கார்டு நிரம்பும் முன்பே துண்டு எண்ணிக்கை தீர்ந்துவிடும்.

32 ஜிபி

கார்மின் தரும் பேர்ட்ஸ்ஐ போன்ற செயற்கைக்கோள் படங்களைப் பெரிய பரப்புக்கு ஏற்றுகிறவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். எஸ்டிஹெச்சி தரத்தின் உச்சவரம்பு 32 ஜிபி. எஸ்டிஹெச்சி கார்டுகள் வருவது ஃபாட்32 என்ற கோப்பு முறையில், அதாவது கார்டில் கோப்புகளை அடுக்கும் ஒழுங்கில். கார்டு செருகும் இடம் உள்ள பெரும்பாலான கார்மின் கையடக்கக் கருவிகளுக்குச் சொல்லப்படும் எல்லையும் இந்த 32 ஜிபியே. கணினியில் 29.8 ஜிபி என்றுதான் காட்டும். கார்டு நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, கணினி 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இதில் இடறுவது கோப்பின் அளவு. ஃபாட்32இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. கார்டில் 25 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வரைபடம் ஏறவில்லை என்றால் காரணம் இதுதான். வரைபடத்தை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு பெயரில் ஏற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கல் கருவி விழித்தெழும் நேரம். தொடங்கும்போது கார்டில் உள்ள வரைபடங்களையும் தடங்களையும் கருவி பார்வையிடும். இடம் இருக்கிறதே என்று பத்து வரைபடங்களை அடுக்கினால் தொடக்கம் மந்தமாகும், இடப்பெயர் தேடலும் இழுக்கும். போகும் பகுதிக்கு உரியதை மட்டும் வைப்பது நல்லது. இதனாலேயே ஒரு 32 ஜிபியைவிட இரண்டு 16 ஜிபி பல பயணங்களுக்கு வசதி: பகுதிக்கு ஒரு கார்டு, ஒன்று கெட்டாலும் மற்றது கையில் இருக்கும். ஆனால் மைக்ரோஎஸ்டி நகத்தளவு பொருள். மாற்றுவதற்கு பேட்டரியைக் கழற்ற வேண்டிய மாடல் என்றால் மழையிலும் இருட்டிலும் அதைச் செய்யாதீர்கள்.

64 ஜிபியும் அதற்கு மேலும்

கருவியின் கையேட்டில் இந்த அளவு தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் ஒழிய, வேண்டாம். 32 ஜிபியைத் தாண்டினால் எஸ்டிஎக்ஸ்சி, அதன் கோப்பு முறை எக்ஸ்ஃபாட். எக்ஸ்ஃபாட் தெரியாத கருவி பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் காட்டாது. வரைபடப் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவே. தனி மென்பொருளால் 64 ஜிபி கார்டை ஃபாட்32 ஆக மாற்றினால் பல கருவிகள் படிக்கத்தான் செய்கின்றன, ஏனென்றால் எஸ்டிஹெச்சியும் எஸ்டிஎக்ஸ்சியும் ஒரே முகவரி முறையில் பேசுபவை. ஆனால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32 வாய்ப்பையே தராது. எஸ்டி சங்கத்தின் ஃபார்மட் மென்பொருளோ 64 ஜிபி கார்டை எக்ஸ்ஃபாட்டுக்கே கொண்டுபோகும். அதே கார்டைக் கேமராவில் போட்டு அது கேட்டபடி ஃபார்மட் செய்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

வேகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கிளாஸ் 10 என்ற வேகக் குறி போட்ட எந்த நல்ல கார்டும் இந்தக் கருவிகளின் தேவையை மிஞ்சியது. உண்மையான தாமதம் கேபிளில். பழைய கருவிகளின் யுஎஸ்பி நொடிக்கு 12 மெகாபிட். அதாவது அதிகபட்சம் 1.5 எம்பி. 4 ஜிபி ஏற முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் சில நிமிட வேலை.

வரைபடத்தோடு விற்கப்படும் கார்மின் கார்டை வைத்திருப்பவர்கள் அதைப் பெரிய கார்டுக்கு நகலெடுக்க நினைக்க வேண்டாம். உரிமம் அந்தக் கார்டின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. கோப்பு ஏறும், வரைபடம் திறக்காது.

எந்த அளவு வாங்கினாலும் முதல் வேலை, போலியா, அதாவது மேலே போட்டிருக்கும் கொள்ளளவு உள்ளே இல்லாத கார்டா என்று பார்ப்பது. அதற்கான மென்பொருள் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. கார்டு முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். போலி கார்டில் வரைபடத்தின் பெயர் பட்டியலில் ஒழுங்காகத் தெரியும். ஆனால் இல்லாத இடத்தில் எழுதப்பட்ட பகுதிக்கு நீங்கள் நடந்து போய்ச் சேரும்போது திரை வெறுமையாக இருக்கும். அதை வீட்டிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

பிறகு ஃபாட்32 ஆக ஃபார்மட் செய்து, கார்டில் ‘கார்மின்’ என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வரைபடக் கோப்புகளை அதற்குள் போடுங்கள். கேஎம்இசட் என்றால் அதனுள் ‘கஸ்டம்மேப்ஸ்’, செயற்கைக்கோள் படம் என்றால் ‘பேர்ட்ஸ்ஐ’ என்ற உள் ஃபோல்டர். மேக் கணினியில் கோப்பை அழித்தால் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லையேல் இடம் திரும்பாது. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைந்த கோப்புகளையும் நீக்கிவிடுங்கள். கருவி அவற்றை வரைபடம் என்று நினைத்துத் தடுமாறக்கூடும். கருவியை அணைத்த நிலையில் கார்டைச் செருகுங்கள். தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றால், கார்டை எடுத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். இப்போது ஓடினால் கோளாறு கார்டில் உள்ள ஏதோ ஒரு கோப்பில். கடைசியாக ஏற்றியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் அது அகப்பட்டுவிடும்.