பிள்ளைகளை வைத்துக்கொண்டு ட்ரப்பீஸ்: சில வருட அனுபவம்

ட்ரப்பீஸ், அதாவது சர்க்கஸில் உயரத்தில் தொங்கும் பாரைப் பிடித்து ஊசலாடுவது, பழகுகிறேன் என்றதும் எல்லோரும் கையில் எவ்வளவு பலம் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் வேண்டியது சனிக்கிழமை காலை. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைக் கேட்டு வாங்குவதற்கு முன்னால், ஏணி ஏறுவதெல்லாம் ஒரு பயமே இல்லை.

இரண்டு மணி நேர வகுப்பு என்பார்கள். அதில் பாரில் தொங்குவது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் கையில் பொடி பூசிக்கொண்டு, முறைக்குக் காத்திருந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பது. போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் காலி. அந்தச் சில நிமிடங்களுக்காக அரை நாளா என்று என் கணவர் கேட்டபோது சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், வாரம் முழுக்க யாரும் என்னை ஏதும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அந்தக் காத்திருப்பு மட்டும்தான்.

நான் விழுந்துவிடுவேனோ என்று கணவருக்கு இருந்த பயமும் நியாயமானது. இந்தக் கலையை 1859-இல் பாரிஸில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் நிகழ்த்தியவர் ழூல் லெயோத்தார் என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் அப்பாவின் நீச்சல்குளத்துக்கு மேலே பழகினாராம். தவறினால் தண்ணீர். எங்களுக்கு இடுப்பில் பெல்ட், அதன் இரண்டு பக்கமும் கயிறு, கயிற்றின் மறுமுனை கீழே நிற்கும் பயிற்சியாளர் கையில். எங்களுக்கு நேர் கீழே வலை. ஒரு நாள் கணவரை வகுப்புக்கு அழைத்துப் போய் அந்தக் கயிறு எப்படி வேலை செய்கிறது என்று காட்டினேன். நான் பேசிப் பேசி ஆகாதது அதில் முடிந்தது.

முதல் வகுப்பிலேயே முழங்காலை பாரில் மாட்டித் தலைகீழாகத் தொங்க வைத்துவிடுவார்கள். வௌவால் மாதிரி. முடியுமா என்று மலைக்க வேண்டாம். நேரம் சரியாக இருந்தால் பலம் அதிகம் தேவைப்படாது. ஊசல் முன்னால் போய் உச்சியில் நிற்கும் அந்த நொடியில் உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். அப்போது காலைத் தூக்கினால் தானாக ஏறும். கொஞ்சம் தாமதித்தால் ஊசல் கீழே இறங்க ஆரம்பித்துவிடும். நல்ல வீச்சில் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது நம் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கையில் இறங்கும். அந்த நேரத்தில் காலைத் தூக்கப் பார்ப்பது வீண் வேலை. அதனால்தான் பயிற்சியாளர் ‘ஹெப்’ என்று சொன்ன அந்த நொடியில் செய்ய வேண்டும், யோசித்துவிட்டுச் செய்யக் கூடாது. வீட்டில் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

நாம் பாரை விட்டதும் நம்மைக் காற்றில் பிடிப்பவர், எதிர்ப்பக்கத்து பாரில் தலைகீழாக ஆடிக்கொண்டு வருவார். நாம் அவர் கையைத் தேடிப் பிடிக்கப் போகக் கூடாது. கையை நீட்டி, விரல்களை விரித்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். அவர் நம் மணிக்கட்டைப் பிடிப்பார், நாம் அவருடையதைப் பிடிப்போம். 1982-இல் மிகேல் வாஸ்கெஸ் காற்றில் நான்கு குட்டிக்கரணம் போட்டதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவரைப் பிடித்த சகோதரர் ஹுவானை எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

சரி, உடம்பு என்ன ஆகும்? முதலில் உள்ளங்கை. மோதிர விரலுக்கு அடியில் தோல் தடிக்கும், பிறகு ஒரு நாள் அந்தத் தடிப்பு அப்படியே உரிந்து வரும். அன்று மாலை பாத்திரம் தேய்க்கும்போது சோப்பு நீர் பட்டால் உயிர் போய் வரும். தடிப்பை வாராவாரம் தேய்த்துச் சமமாக வைத்திருப்பதுதான் வழி. முழங்கால் மடிப்பில் கன்றிப்போகாமல் இருக்க முழுநீள லெகின்ஸ் போடுங்கள். வலையில் எப்போதும் முதுகில்தான் விழ வேண்டும். கையை ஊன்றவே கூடாது. இதை அலுக்க அலுக்கச் சொல்வார்கள், காரணமாகத்தான்.

தோள்தான் உண்மையான கவலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தோளை வாரத்தில் ஒரு நாள் மட்டும் திடீரென்று இழுத்தால் அது சும்மா இருக்காது. ரப்பர் பட்டையை வைத்துச் செய்யும் பயிற்சிகளை இரவில் பிள்ளைகள் பல் தேய்க்கும் நேரத்தில் செய்துவிடுகிறேன். தனியாக நேரம் ஒதுக்க நினைத்தவரை அது நடக்கவே இல்லை.

பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனியாக ஒன்று. வலையில் விழும்போது சிறுநீர் கசிவது பலருக்கு நடப்பதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு நன்றாகவே குறைந்தது. பிரசவத்துக்குப் பிறகு மருத்துவரைக் கேட்காமல் ஏணியில் ஏற வேண்டாம். காப்பீட்டு பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு.

முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். பார்க்கிறவர்களுக்குக் குட்டிக்கரணம் பெரிதாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஊசலில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் காலை முன்னால் வீச வேண்டும், எங்கே பின்னால் கொண்டுபோக வேண்டும் என்பது உடம்பில் ஏறவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல், தேர்வு, அலுவலக வேலை என்று விடுபட்டால் சாண் ஏறி முழம் சறுக்கிய கதைதான். பெல்ட் இல்லாமல் ஆடுகிறவர்கள் என்னோடு ஆரம்பித்தவர்களிலேயே இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை; பெல்ட்டோடு ஆடினாலும் அதே ஊசல்தானே.

பெரியவள் சில மாதம் என்னோடு வந்தாள், நன்றாகவும் ஆடினாள், பிறகு சலித்துவிட்டது என்று நின்றுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதிதான்.

வாரம் இரண்டு வகுப்பு போய்ப் பார்த்தேன். ஆட்டம் வேகமாக முன்னேறியது. வீட்டில் எல்லோருடைய முகமும் தூக்கிக்கொண்டது, தோளும் வலித்தது. இப்போது வாரம் ஒன்று. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கணவருக்கு. அவர் அதில் தூங்குகிறாரா, சைக்கிள் ஓட்டுகிறாரா என்று நான் கேட்பதில்லை.