இருக்கும் இடத்திலேயே ஏறுவதா, வேறு இடம் மாறுவதா?

ஒரே நிறுவனத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டால் இந்தக் கேள்வி வராமல் போகாது. கூட வேலை பார்த்தவர் ராஜினாமா செய்துவிட்டு வேறு எங்கோ இரண்டு படி மேலே போய் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கோ அப்ரைசலில் "நல்லா பண்றீங்க, இப்படியே தொடருங்க" என்று ஒரு வரியும், பெயருக்கு ஒரு சம்பள உயர்வும் கிடைத்திருக்கும். யோசனை கேட்டால் பாதிப் பேர் "மாறினால்தான் மதிப்பு" என்பார்கள். மீதிப் பேர் "அடிக்கடி மாறினால் பெயர் கெட்டுவிடும், பொறுமையா இரு" என்பார்கள். இரு தரப்பும் தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பது இரண்டு வழிகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் பின்தங்கிக் கிடந்தால் வெளியே பாருங்கள். இதுவரை செய்யாத பெரிய பொறுப்பு வேண்டுமென்றால் முதலில் உள்ளே கேளுங்கள்.

சம்பளக் கணக்கு

பணத்தைப் பொறுத்தவரை வெளியே போகிறவர் கைதான் பெரும்பாலும் ஓங்கியிருக்கும். உள்ளே இருப்பவரின் உயர்வு, பழைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று போடப்படுகிறது. அந்தச் சதவீதமும் மொத்தத் துறைக்கும் ஒதுக்கிய தொகைக்குள் அடங்க வேண்டும். உங்களுக்குக் கூட்டினால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் குறைத்தாக வேண்டும். புதிதாக வருபவருக்கு இந்தக் கட்டு கிடையாது. அன்றைய சந்தையில் அந்த வேலைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்தால்தான் ஆள் வருவார். முதல் வேலையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டவருக்கு இது இன்னும் பலமாக அடிக்கும். ஆண்டுதோறும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தானே சதவீதம் ஏறுகிறது!

அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த மேத்யூ பிட்வெல், ஒரு முதலீட்டு வங்கியின் ஊழியர் பதிவுகளை அலசி 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் மிகவும் பயனுள்ளது. ஒரே மாதிரியான பதவிக்கு உள்ளிருந்து உயர்ந்தவரையும் வெளியிலிருந்து வந்தவரையும் ஒப்பிட்டபோது, வெளியாளுக்குச் சம்பளம் சுமார் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த மதிப்பீடு உள்ளாளைவிடக் குறைவு. வேலையை விட்டு அனுப்பப்படும் வாய்ப்பும் அதிகம். அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டி நின்றவர்கள் பிறகு வேகமாக மேலே போனார்கள். வேலை மாற நினைப்பவர்கள் 18 சதவீதத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டா ஃபெடரல் ரிசர்வ் வங்கி, வேலை மாறியவர்கள், மாறாதவர்கள் இருவரின் ஊதிய வளர்ச்சியையும் மாதாமாதம் தனித்தனியே வெளியிடுகிறது. 2022-இல் மாறியவர்கள் வெகுதூரம் முந்தியிருந்தார்கள். 2025 தொடக்கத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. நண்பர் மூன்று ஆண்டுகளுக்கு முன் மாறி வாங்கிய உயர்வை வைத்து இன்று கணக்குப் போடாதீர்கள். இன்று உங்கள் துறையில் ஆள் எடுக்கிறார்களா, அனுப்புகிறார்களா என்று பாருங்கள்.

திறமையில் எவ்வளவு உங்களோடு வரும்?

மாறுவதற்கு முன் பலரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. அலுவலகத்தில் உங்களை எல்லோரும் தேடி வருகிறார்கள் என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தொழில் உங்கள் கையில் இருக்கிறது. இன்னொன்று, அந்த இடத்தின் சந்துபொந்தெல்லாம் உங்களுக்குத் தெரியும்: எந்த ஒப்புதல் யார் மேஜையில் தேங்கும், எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார், பழைய கோப்பு எங்கே கிடக்கிறது. முதலாவது உங்களோடு வரும். இரண்டாவதை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் போரிஸ் குரோய்ஸ்பெர்க், வால் ஸ்ட்ரீட்டின் நட்சத்திரப் பங்குச்சந்தை ஆய்வாளர்களைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி செய்தார். நிறுவனம் மாறிய பலருக்கும் தரவரிசை சட்டென்று இறங்கியது. சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய நிலை திரும்பவில்லை. தங்கள் குழுவையும் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு அந்தச் சரிவு குறைவு. தன் சொந்தத் திறமை என்று அவர்கள் நம்பியதில் ஒரு பெரும் பங்கு சுற்றியிருந்தவர்களுடையது.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த இல்லை. மாறுகிறவர் முதல் ஆறு மாதத்தில் பழைய வேகத்தை எதிர்பார்க்காமல், புதிய இடத்தின் சந்துபொந்துகளைக் கற்பதற்கே நேரம் ஒதுக்கினால் பாதிக் கஷ்டம் குறையும். சேர்ந்த முதல் வாரமே "எங்க பழைய ஆபீஸ்ல இப்படித்தான் செய்வோம்" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் மீதியும் குறையும்.

பொறுப்பு: உள்ளாளுக்குத்தான் சாதகம்

வெளியிலிருந்து ஆள் எடுக்கும் நிறுவனம், ஏற்கெனவே அந்த வேலையைச் செய்தவரைத் தேடுகிறது. ரெஸ்யூமேயில் "குழுவை நடத்தியிருக்கிறார்" என்று இல்லாவிட்டால், பத்துப் பேரை நடத்தும் வேலையை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்க எவரும் தயங்குவார்கள். உள்ளே உங்களைத் தெரிந்த மேலாளர் அந்தத் துணிச்சலை எடுப்பார். நெருக்கடியில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள், தவறு நடந்தபோது மறைத்தீர்களா சொன்னீர்களா என்பதையெல்லாம் அவர் பார்த்திருக்கிறார். பிட்வெல்லும் ஈதன் மாலிக்கும் எம்.பி.ஏ. முடித்தவர்களின் வேலைப் பாதைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டதும் இதையே காட்டியது: கூடுதல் பொறுப்புக்கு ஏறியது பெரும்பாலும் சொந்த நிறுவனத்துக்குள்தான்.

ஆகவே முதன்முறை டீம் லீட் ஆவது, முதன்முறை லாப நஷ்டக் கணக்கைக் கையில் எடுப்பது, ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, இவற்றுக்கெல்லாம் இருக்கும் இடமே நல்ல இடம். அந்தப் பொறுப்பை ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு செய்து காட்டிய பிறகு அதே தகுதியோடு வெளியே போனால் பணமும் வரும். இந்த இரண்டு கட்டமாகப் போகும் வழியைத்தான் எனக்குத் தெரிந்த இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆனால் "உள்ளே" என்பதற்குச் சும்மா காத்திருப்பது என்று அர்த்தம் இல்லை. புரமோஷன் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களில் பல மேலாளர்கள் ஓர் அறையில் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் சில பெயர்களோடு வருகிறார்கள். இடங்களோ பெயர்களைவிடக் குறைவு. உங்கள் மேலாளர் உங்களைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுகிறார். எதிரே இருப்பவர் கேட்கிறார்: "இவங்க வேலையை வேற யாராவது பார்த்திருக்கீங்களா?" அறை அமைதியாக இருந்தால் பெயர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். "போன தடவை எங்க டீமுக்கு அவங்கதான் உதவினாங்க" என்று ஒரே ஒரு குரல் வந்தால் கதை வேறு. உங்கள் மேலாளர் ஒருவருக்கு மட்டும் உங்களைத் தெரிந்திருந்தால் போதாது.

அந்தச் சில நிமிடங்களில் அவர் பேச வேண்டியதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு வரி குறித்து வையுங்கள். "மாதாந்திர அறிக்கைக்கு உதவினேன்" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. "மாதாந்திர அறிக்கை மூன்று நாள் எடுத்துக்கொண்டிருந்தது, படிவத்தை மாற்றிய பிறகு அரை நாளில் முடிகிறது, கணக்குப் பிரிவும் இப்போது இதையே பயன்படுத்துகிறது" என்று எழுதினால், படித்தவர் அப்படியே எடுத்துப் பேசலாம். நாளை வெளியே இன்டர்வியூவுக்குப் போனாலும் இதே வரிகள்தான் கைகொடுக்கும்.

அப்புறம், வாய் திறந்து கேட்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அப்ரைசல் அன்று கேட்பது தாமதம். அதற்குள் பட்டியல் தயாராகியிருக்கும். சில மாதங்கள் முன்பே உட்கார்ந்து, "அடுத்த நிலைக்கு நான் தயார்னு நீங்க மேலே சொல்லணும்னா, என்கிட்ட இன்னும் என்ன பார்க்கணும்?" என்று கேளுங்கள். பதிலைக் கூர்ந்து கவனியுங்கள். "ஒரு புராஜெக்டை முழுசா நீங்களே நடத்திக் காட்டணும், மற்ற துறைகளோட பேசிப் பழகணும்" என்று வந்தால் அது வழி. "பார்க்கலாம், உங்க பேர் மனசுல இருக்கு" என்று வந்தால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். மறுபடியும் "பார்க்கலாம்" என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வெளியே தேடுகிறவருக்கு

வேலை தேடும்போது நெருங்கிய நண்பர்களைவிட அவ்வளவாகப் பழகாதவர்களால்தான் அதிகம் பயன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதினார்: உங்கள் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும்; புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்திடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனைகளின் முடிவு 2022-இல் வெளியானபோது, ஓரளவு தளர்ந்த பழக்கங்களே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று தெரிந்தது. முன்னாள் சக ஊழியர், ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், போட்டி நிறுவனத்தில் அதே வேலை செய்பவர், இவர்களோடு தேவை வருவதற்கு முன்பே தொடர்பில் இருங்கள். வேலை போன பிறகு முதல் செய்தி அனுப்புவது இரு தரப்புக்கும் சங்கடம்.

இன்டர்வியூவின் கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பலர் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "இந்த இடத்தில் எனக்கு முன்னாடி இருந்தவர் இப்போ எங்கே இருக்கார்?" என்று கேளுங்கள். "மேலே போயிட்டார், நீங்க அவர்கிட்டதான் ரிப்போர்ட் பண்ணுவீங்க" என்றால் நல்லது. பதில் சொல்லத் தடுமாறினாலோ, இரண்டு ஆண்டில் மூன்று பேர் மாறியிருந்தாலோ, சம்பளம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் விசாரியுங்கள்.

மூன்றாவது வழியும் இருக்கிறது

நிறுவனத்தை விடாமல் வேறு துறைக்குப் பக்கவாட்டில் நகர்வது. இதைப் பதவி உயர்வாகவே பலரும் எண்ணுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். மேலாளரோடு ஒத்துவரவில்லை, ஆனால் நிறுவனம் நல்ல நிறுவனம் என்றால் இதைவிடச் செலவு குறைந்த தீர்வு கிடையாது. சந்துபொந்துகள் பற்றிய அறிவும் வீணாகாது, புதுத் தொழிலும் கையில் ஏறும்.

எல்லோருக்கும் மேலாளர் பதவிதான் உயர்வு என்பதும் சரியில்லை. ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ மூவரும் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு இது: அதிகம் விற்றவர்களையே நிறுவனங்கள் மேலாளர் ஆக்கின, அப்படி ஆனவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. விற்பது ஒரு தொழில், விற்பவர்களை வளர்ப்பது வேறொரு தொழில். நாள் முழுக்க மற்றவர்களின் சிக்கல்களைக் கேட்டு, அவர்கள் வெற்றியில் நிறைவு காண உங்களால் முடியுமா? முடியாது என்றால் நிபுணர் வழியில் உயர இடம் தரும் நிறுவனத்தைத் தேடுங்கள். அது உள்ளே இல்லாவிட்டால், மாறுவதற்கு அதுவே நல்ல காரணம்.

எப்போது எது?

சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை, கற்றுக்கொண்டும் இருக்கிறீர்கள் என்றால் இருங்கள். அவமதிப்பு, தொல்லை, சம்பளப் பாக்கி, பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்பது ஆகியவை இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. கிளம்ப வழி தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் கடைசியாகப் புதிதாக ஒன்றைக் கற்றது எப்போது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, மேலாளரிடம் கேட்டும் தெளிவான பதில் இல்லை என்றால், சம்பளம் ஓரளவு திருப்தியாக இருந்தாலும் வெளியே பார்க்க நேரம் வந்துவிட்டது.

ராஜினாமா கொடுத்ததும் "எவ்வளவு வேணும் சொல்லுங்க" என்று கவுண்டர் ஆஃபர் வரலாம். அதை ஏற்காமல் இருப்பதே நல்லது என்பேன். நீங்கள் கிளம்பிய காரணம் பணம் மட்டுமே என்றால் யோசிக்கலாம். புதிய பொறுப்பு, வேறு மேலாளர், கற்கும் வாய்ப்பு என்று வேறு காரணம் இருந்தால் கூடுதல் பணம் அதைத் தீர்க்காது. அடுத்த ஆள்குறைப்பில் உங்கள் பெயர் முதலில் நினைவுக்கு வரும் ஆபத்தும் உண்டு. எப்படியானாலும் புதிய இடத்தின் நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வந்து, சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகே ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் பீரியடில் ஒப்படைப்புக் குறிப்புகளை முழுமையாக எழுதி, அடுத்து வருபவரோடு ஒரு முறையாவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய மேலாளரிடம் பரிந்துரை கேட்டு நாளை ஒருவர் அழைக்கும்போது, அவர் நினைவில் கடைசியாக நிற்பது அந்த வாரங்கள்தான்.