பானட் பின் போடக் கொடுத்தேன், தகரத்தில் ரிவெட் அடித்துத் தந்தார்கள்

போன மாதம் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்கில் பயிற்சி ஓட்டம். நான்காவது சுற்றில், நேர்ப்பாதையில் 120-ஐத் தொட்ட நேரம் என் மாருதி எஸ்டீம் காரின் பானட் (இன்ஜின் மூடி) எழுந்து முன்கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடி முழுக்க விரிசல். எதிரில் எதுவும் தெரியவில்லை. பானட்டின் அடி விளிம்புக்குக் கீழே விரல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் வெளிச்சம். பக்கத்து ஜன்னல் வழியாகத் தார் விளிம்பைப் பார்த்துக்கொண்டே, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஓரம் கட்டினேன். பின்னால் வந்த தம்பி சுதாரித்து விலகிப் போனதால்தான் இரண்டு பேரும் முழுசாக வீடு திரும்பினோம்.

பானட் பின் போட்டு மூன்றே வாரம் ஆகியிருந்தது. பானட்டில் ஓட்டை போட்டு, கீழிருந்து நிமிர்ந்து வரும் கம்பியில் மேலே கிளிப் மாட்டிப் பூட்டுகிற ஏற்பாடு அது.

ஏன் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி லாக்கில் இரண்டு பிடி உண்டு. உள்ளேயிருந்து கேபிளை இழுத்தால் முதல் பிடி விடும். முன்னால் விரலை விட்டுத் தள்ளினால்தான் இரண்டாவது கொக்கி விடும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ரேஸில் நிலைமை வேறு. முன்பக்கம் லேசாக இடித்தாலே லாக் நெளிந்து பானட் திறக்காது. உள்ளே தீப்பிடித்தால் அணைக்க வழியில்லை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிகளின் 'அப்பெண்டிக்ஸ் ஜே', 253-ஆம் பிரிவே பானட்டுக்குக் குறைந்தது இரண்டு பின்கள் வேண்டும், பழைய லாக்கைக் கழற்றிவிட வேண்டும் அல்லது செயலிழக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பிளாஸ்டிக் பாகமாக இருந்தால், பிய்த்துக்கொண்டு வராதபடி உலோகத் தகடு வைத்துப் பலப்படுத்தச் சொல்வதும் அதே விதிதான். என்னுடையது ஃபைபர் பானட். பிளாஸ்டிக் பாகம் பற்றிய இந்த வரியைத்தான் பின் போடக் கொடுத்த கடைக்காரரிடம் தனியாகக் காட்டினேன்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா சார், பத்து வண்டி செஞ்சிருக்கோம்" என்றார். 14,500 ரூபாய் பேசி, பாதியை அன்றே வாங்கிக்கொண்டார். இரண்டு ஸ்டெயின்லெஸ் பின், 3 எம்எம் ஸ்டீல் பிராக்கெட், பானட்டுக்கு அடியில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பிளேட், வெல்டிங் கூலி என்று பில்லில் வரி வரியாக இருக்கிறது. பில் இன்னும் என்னிடம் உள்ளது.

வண்டியை எடுக்கப் போனபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின் நிமிர்ந்து நின்றது, கிளிப் 'டக்'கென்று விழுந்தது, கிளிப்பைத் தொலைக்காமலிருக்க வயர்கூடக் கட்டியிருந்தார்கள். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட்டிங். "துரு பிடிக்காம இருக்க சார், ஃப்ரீயா அடிச்சுக் குடுத்தோம்" என்றார்கள். அந்தக் கோட்டிங்குக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்கு டிராக்கில்தான் தெரிந்தது.

இடது பக்கம், பிராக்கெட்டோடு பின் பிய்ந்து பானட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த பிராக்கெட் மெல்லிய அலுமினிய ஆங்கிள். ரேடியேட்டருக்கு மேலே போகும் தகரத்தில் மூன்று பாப் ரிவெட் (மெல்லிய தகடுகளை இணைக்கும் சின்ன ஆணி) அடித்திருக்கிறார்கள். மூன்றும் துளையைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டன. வெல்டிங் ஒரு சொட்டுகூட இல்லை. இடது பக்கம் விட்டதும் முழு இழுவையும் வலது பக்கம் விழுந்திருக்கிறது. அங்கே பின் வண்டியிலேயே நின்றது. பானட் மேலிருந்த வட்டத் தகடு மட்டும் ஒரு வளையம் ஃபைபரைக் கடித்தபடி பின்னில் மாட்டியிருந்தது. அடியில் பிளேட் வைக்கவே இல்லை.

பணம் கேட்டுப் போனேன். "நீங்க கிளிப்பைச் சரியா மாட்டலை" என்றார்கள். இரண்டு பின்னிலும் கிளிப் மாட்டியபடியே இருக்கிறது! டிராக்கிலேயே எடுத்த போட்டோவைக் காட்டினேன். அதற்கு, "120-ல போனா யார் போட்டாலும் தூக்கும் சார்" என்றார் ரேஸ் காருக்கு வேலை செய்கிறவர். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. ஃபார்முலா மாருதி கார்களை வடிவமைத்த கரிவரதன் பெயரில் 2003-இலிருந்து டிராக் இருக்கிற ஊர் இது. கையால் வண்டி செய்வதைப் பெருமையாக நினைக்கிற ஊரில் இப்படி ஒரு வேலை.

காற்று என்ன செய்யும் என்பது கணக்கில் தெரிகிற விஷயம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குக் காற்றின் அழுத்தம் சுமார் 17 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 120-ல் கிட்டத்தட்ட 68 கிலோ. அத்தனையும் பானட்டைத் தூக்காது என்பது உண்மைதான். ஆனால் கிரில் வழியாக நுழையும் காற்று கீழிருந்து தள்ளுகிறது, மேலே ஓடும் காற்று உறிஞ்சுகிறது, கூடவே அதிர்வு. ஊருக்குள் ஓட்டிப் பார்த்து "கெட்டியாத்தான் இருக்கு" என்று நம்பியது என் தப்பு.

கணபதியில் ஒரு லேத் பட்டறை அண்ணன் பிறகு சரிசெய்து கொடுத்தார். தகரத்தை நம்பாமல், அதற்குப் பின்னால் இருக்கும் கனமான மெம்பரில் (குறுக்குச் சட்டத்தில்) ஸ்டீல் பிராக்கெட்டை வெல்டு வைத்தார். பின்னின் மேலும் கீழும் லாக் நட். பின் நுனியில் கிரீஸ் தடவி, பானட்டை மெதுவாக இறக்கி, பட்ட இடத்தில் முதலில் சின்ன ஓட்டை, சரிபார்த்த பிறகே பெரிய ஓட்டை. ஃபைபருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தகடு வைத்து, மேல் தகட்டோடு சேர்த்து போல்ட் போட்டார். பானட் ஆடாமல் உட்கார ரப்பர் ஸ்டாப்பர் இரண்டு. "கோட்டிங் வேண்டாம் தம்பி, நாளைக்கு நீயே பார்க்கணும்ல" என்றார்.

அழகுக்காக ரோட்டு வண்டியில் பின் போடுகிற தம்பிகளே, பின் போட்டாலும் கம்பெனி லாக்கைத் தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். ரேஸ் வண்டிக்குக் கொடுப்பவர்கள், பெயின்ட்டோ கோட்டிங்கோ அடிப்பதற்கு முன்னால் நேரில் போய்க் கீழிருந்து பார்த்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். மீதிப் பணத்தை அதன் பிறகு கொடுங்கள். ஏற்கெனவே போட்டு, உள்ளே கறுப்பாகப் பூசி வாங்கியிருந்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பாருங்கள். ரிவெட் தலை தெரிந்தால் வண்டியை டிராக்குக்குள் இறக்காதீர்கள்.

கண்ணாடி, பானட், வளைந்த கீல்கள் எல்லாம் சேர்த்து எனக்கு 31,000 ஆனது. கடையிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. கழற்றிய கம்பெனி லாக்கைத் திருப்பிக் கேட்டேன், "காயலான்கடைக்குப் போட்டுட்டோம்" என்றார்கள்.